வெல்டர் டெஸ்ட், டபிள்யூபிஎஸ்: எதிலிருந்து தொடங்குவது?

புது சூப்பர்வைசர்:

வணக்கம். ஏழு வெல்டர்கள் உள்ள பட்டறை எங்களுடையது. இத்தனை நாள் பேப்பர் எதுவும் இல்லாமல் ஓடியது. இப்போது வந்திருக்கும் ஆர்டரில் ஏடபிள்யூஎஸ் டி1.1 (ஸ்டீல் கட்டுமான வெல்டிங்குக்கான அமெரிக்க விதிநூல்) என்று போட்டு, டபிள்யூபிஎஸ் (எப்படி வெல்ட் செய்ய வேண்டும் என்ற எழுத்துக் குறிப்பு), பிக்யூஆர் (அந்த முறையைச் சோதித்துப் பார்த்த பதிவு), வெல்டர் சர்டிஃபிகேட் மூன்றும் கேட்கிறார்கள். மைல்டு ஸ்டீல் பிளேட், 6 முதல் 20 மி.மீ. வரை. ஃபில்லெட்தான் (இரண்டு பிளேட் சேரும் மூலையில் போடுவது) அதிகம், குரூவ் (பிளேட் விளிம்புகளுக்கு நடுவே நிரப்புவது) கொஞ்சம். தடிமனான பிளேட்டுக்குக் கையால் பிடிக்கும் 7018 வெல்டிங் ராடு, 6 மி.மீ. பிளேட்டுக்கு வயர் ஓடும் சிஓ2 மெஷின். முதலாளி தெரிந்தவரிடம் டபிள்யூபிஎஸ் பேப்பர் கட்டு ஒன்றை வாங்கி வந்து, "பேரை மட்டும் மாத்திடு" என்கிறார். மாற்றலாமா?

பழைய க்யூசி:

மாற்றாதீர்கள். நானே ஒருமுறை மாற்றி மாட்டியிருக்கிறேன். அப்போது நான் க்யூசியாக (தரம் பார்ப்பவராக) இருந்த பட்டறையில், இரவல் டபிள்யூபிஎஸ்ஸில் 3.15 ராடு, 100 முதல் 130 ஆம்பியர் என்று இருந்தது. வந்த இன்ஸ்பெக்டர் ஃபைலைத் தொடவே இல்லை. நேராக வெல்டரிடம் போய், கேபிளில் கிளாம்ப் மீட்டரை மாட்டினார். 165 காட்டியது. வெல்டர் கையில் இருந்ததோ 4 மி.மீ. ராடு. அந்த பிளேட்டுக்கு அவர் செய்ததுதான் சரி, தப்பு என் பேப்பரில். ஆனாலும் வேலை இரண்டு நாள் நின்றது.

அதனால் முதலில் நோட்டும் மீட்டருமாகப் பட்டறைக்குள் இறங்குங்கள். யார் எந்த ராடு போடுகிறார், எத்தனை ஆம்பியர், வெர்டிக்கலில் மேலே ஏறுகிறாரா கீழே இறங்குகிறாரா, ரூட் கேப் (பிளேட்டுகளுக்கு நடுவே அடியில் விடும் இடைவெளி) எவ்வளவு, ராடு ஈரம் ஏறாமல் சூடாக வைக்கும் ஓவனிலிருந்து வருகிறதா அல்லது காலையில் பிரித்த பாக்கெட்டா என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பாக்கெட்டு என்றால் அதை முதலில் சரிசெய்யுங்கள். 7018 ஓவனை விட்டு வெளியே வந்தால் டி1.1 கணக்குப்படி நான்கு மணி நேரம்தான்.

அப்புறம் டபிள்யூபிஎஸ். வெல்டர் டெஸ்ட் அதற்குப் பிறகுதான், ஏனென்றால் டெஸ்டே ஒரு டபிள்யூபிஎஸ்படிதான் நடக்க வேண்டும்.

பிக்யூஆர் விஷயத்தில் உங்களுக்குப் பாதி நல்ல செய்தி. பிளேட் கிரேடு, ராடு, ஜாயிண்ட் கோணம், ப்ரீஹீட் (வெல்டுக்கு முன் சூடேற்றுவது) எல்லாம் டி1.1 கொடுத்த வரம்புக்குள் இருந்தால் 7018 வேலை ப்ரீகுவாலிஃபைடு (சோதனை இல்லாமலே ஏற்கப்பட்டது) ஆகிவிடும், பிக்யூஆர் வேண்டாம். ஆனால் டபிள்யூபிஎஸ் எழுதியே ஆக வேண்டும், வெல்டர் டெஸ்டும் உண்டு. நிறைய பேர் இந்த இடத்தில்தான் எல்லாமே தள்ளுபடி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மீதிப் பாதி உங்கள் சிஓ2 மெஷின். மெல்லிய வயர், குறைந்த வோல்ட், படபடவென்று சத்தம் என்றால் அது ஷார்ட் சர்க்யூட் முறை, அதாவது வயர் நுனி பிளேட்டைத் தொட்டுத் தொட்டு உருகுவது. அதற்கு ப்ரீகுவாலிஃபைடு சலுகை கிடையாது. ஒரு கூப்பன் (சோதனைப் பிளேட்) வெல்ட் செய்து, லேபில் இரண்டு டென்சைல் (இழுத்துப் பார்ப்பது), இரண்டு ஃபேஸ் பெண்ட் (வெல்டின் மேல்பக்கம் வெளியே வர வளைப்பது), இரண்டு ரூட் பெண்ட் (அடிப்பக்கம் வெளியே வர வளைப்பது) எடுத்துப் பிக்யூஆர் போட வேண்டும். 6 மி.மீ. கூப்பன் என்றால் அந்த பிக்யூஆர் 3 முதல் 12 மி.மீ. வரையுள்ள பிளேட்டுக்குச் செல்லும். வெல்ட் செய்யும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு பாஸுக்கும் (வெல்ட் வரிசைக்கும்) ஆம்பியர், வோல்ட், வேகம் மூன்றையும் குறியுங்கள். பிக்யூஆரில் அன்றைக்கு நடந்த எண்தான் வர வேண்டும். ரேஞ்ச் எழுதுவதெல்லாம் டபிள்யூபிஎஸ்ஸில்.

லேப் ஆள்:

வெல்டர் டெஸ்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 10 மி.மீ. பிளேட்டில் பேக்கிங் ஸ்ட்ரிப் (ஜாயிண்ட்டின் அடியில் வைக்கும் பட்டை) வைத்து 3ஜி (செங்குத்து குரூவ்), 4ஜி (தலைக்கு மேல் குரூவ்) இரண்டும் செய்ய வையுங்கள். இரண்டும் பாஸானால் பிளேட்டில் எல்லா பொசிஷனும், 20 மி.மீ. வரைக்கும், ஃபில்லெட்டும் சேர்ந்தே வந்துவிடும். பேக்கிங் இல்லாமல் ஒரே பக்கம் வெல்ட் செய்யும் ஜாயிண்ட்டுக்கு இது செல்லாது. ஷார்ட் சர்க்யூட் வேலை செய்பவருக்கு அதில் தனி டெஸ்ட்.

எங்களிடம் வரும் பெண்ட் துண்டுகளில் வெல்ட் நன்றாக இருந்தும் தயாரிப்பால் கெடுபவை உண்டு. கிரைண்டிங் கோடு துண்டின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் வளைக்கும்போது அந்தக் கீறலே வாயைத் திறக்கும். ஓர மூலைகளை அரத்தால் லேசாக உருட்டிவிடுங்கள். வளைத்த பரப்பில் எந்தக் குறையும் 3 மி.மீ.யைத் தாண்டக் கூடாது.

புது சூப்பர்வைசர்:

இருவருக்கும் நன்றி. இங்கே மூத்த வெல்டர் ஒருவர் இருக்கிறார். "இருபத்தஞ்சு வருஷமா ராடு பிடிக்கிறேன், எனக்கு டெஸ்டா?" என்கிறார். பழைய கம்பெனி சர்டிஃபிகேட் ஒன்றும் வைத்திருக்கிறார். அது போதுமா?

பழைய க்யூசி:

கிளையண்ட் தரப்பு இன்ஜினியர் ஒப்புக்கொண்டால் போதும், அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஆனால் அந்த சர்டிஃபிகேட்டுக்குப் பிறகு இடையில் ஆறு மாதத்துக்கு மேல் அந்த வகை வெல்டிங்கை விட்டிருக்கக் கூடாது. அதற்கு அத்தாட்சி இல்லையென்றால் டெஸ்ட் எடுப்பதே சுலபம். மற்றவர்களுக்கும் இதே கணக்குதான், ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி ராடு வேலை, சிஓ2 வேலை இரண்டையும் தனித்தனியாகத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

அண்ணனை வழிக்குக் கொண்டுவர ஒரு யோசனை: மற்றவர்களின் கூப்பனை ஃபிட்டப் (வெல்டுக்கு முன் பிளேட்டைப் பொருத்துவது) பார்த்துக் கொடுக்கும் பொறுப்பை அவரிடம் விடுங்கள்.

புது சூப்பர்வைசர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். யோசனை வேலை செய்தது, அவரே முதல் ஆளாக 3ஜி போட்டார். ராடு டெஸ்டில் ஆறு பேர் பாஸ். தவறியது எங்கள் வேகமான பையன். ரூட்டில் (வெல்டின் அடியில்) ராடு மாற்றிய இடத்தில் ஸ்லாக்கை (மேலே படியும் கசடை) எடுக்காமலே அடுத்ததைப் பற்ற வைத்திருக்கிறான், வளைத்ததும் சரியாக அங்கேயே பிளந்தது. உடனே மறு டெஸ்ட் என்றால் இரண்டு கூப்பன் போட்டு இரண்டும் பாஸாக வேண்டுமாம். அதனால் பதினைந்து நாள் பழக்கிவிட்டு எடுக்கலாம் என்று முடிவு. பழக்குபவர் அந்த அண்ணன்தான். சிஓ2 கூப்பன் லேபில் இருக்கிறது.