மலைக்குட்டியும் என் வீட்டில் இருந்த இரண்டும்

போன ஐப்பசி மழையில் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில், தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு பெட்டை நாய்க்குட்டி நனைந்து உட்கார்ந்திருந்தது. கழுத்தில் சிவப்புக் கயிறு, யாரோ வளர்த்து விட்டுப் போனதுதான். ரெயின்கோட்டுக்குள் போட்டு சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் ஏற்கெனவே இரண்டு குட்டிகள், தெருவில் எடுத்தவை. தடுப்பூசியை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். புதுசைத் தனியாக வைக்கத் தோன்றவே இல்லை, பாவம் நடுங்குகிறதே என்று மூன்றையும் ஒரே சாக்கில் படுக்க வைத்தேன்.

மூன்றாம் நாள் வாந்தி, அப்புறம் ரத்தமாகப் பேதி. பார்வோ என்றார் டாக்டர், நாய்க்குட்டிகளுக்கு வேகமாக ஒட்டும் வைரஸ் நோய். தினமும் டிரிப்ஸ் ஏற்றியதில் மலைக்குட்டி பிழைத்துக்கொண்டது. ஆனால் அதற்குள் மற்ற இரண்டுக்கும் ஒட்டிவிட்டது. சின்னது தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டபடியே நிற்கும், ஒரு வாய்கூடக் குடிக்காது. இரண்டு நாள் இடைவெளியில் இரண்டும் போய்விட்டன.

வளர்த்ததைப் பட்டினி கிடக்கத் தெருவில் விடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம், மலையில் விட்டவர்களை அன்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் என் வீட்டில் செத்த இரண்டுக்கும் நான்தான் பொறுப்பு.

இந்தக் கிருமி சாதாரண பினாயிலுக்கெல்லாம் சாகாது, ப்ளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவ வேண்டும். மண்ணில் ஒரு வருஷம்கூடக் கிடக்கும். அதனால்தான் போன மாதம் கன்னங்குறிச்சியிலிருந்து நான்கு குட்டிகள் இருக்கின்றன, வந்து எடுங்கள் என்று ஒருவர் கூப்பிட்டபோது முடியாது என்றேன். நீங்களெல்லாம் எதுக்கு ரெஸ்க்யூ பண்றீங்க என்று கேட்டார், வலித்தது. அங்கேயே ஒரு ஷெட்டில் வைக்கச் சொல்லி, சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் நான் பணம் கொடுத்தேன். இனி எடுத்தாலும் இரண்டு வாரம் தனி அறை, தனித் தட்டு, அதைத் தொட்ட துணியோடு மற்றதிடம் போவதில்லை.

மலைக்குட்டிக்குக் கருத்தடை முடிந்து இப்போது கோரிமேட்டில் ஒரு வீட்டில் இருக்கிறது. கொடுப்பதற்கு முன் மூன்று முறை போய்ப் பார்த்தேன், ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள் என்றுகூடக் கேட்டேன். முடியாவிட்டால் என்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கியபோது அந்த அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார், இப்போது வாரா வாரம் போட்டோ அனுப்புகிறார்.