எடை சரி, கொழுப்பு சரியில்லை. எதைக் குறைப்பது?

பனங்காடு:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். நாலு வருடம் முன்பு தென்னை மரத்திலிருந்து விழுந்தேன். முதுகுத்தண்டில் டி10 (நடுமுதுகின் பத்தாவது எலும்பு) மட்டத்தில் அடி, வயது 34. போன வாரம் ரத்தம் பார்த்ததில் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 138, ஹெச்டிஎல் (நல்ல கொழுப்பு) 29, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 240. உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோதான். எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடுவதே இல்லை. எலும்புக்கு நல்லது என்று அம்மா வாரம் மூன்று நாள் ஆட்டுக்கால் சூப் வைக்கிறார். வேண்டாம் என்றால் அழுகிறார். வேறு எதைக் குறைப்பது?

நால்சக்கரம்:
தம்பி, எனக்கு டி8, பதினோரு வருடம். எடை மெஷினை நம்பாதீங்க. அசையாத காலில் சதை கரைந்து வயிற்றில் கொழுப்பு ஏறினாலும் அது பழைய எண்ணைத்தான் காட்டும். முதுகுத்தண்டு அடிபட்ட நமக்கு பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 22 தாண்டினாலே அதிகம், உங்களுக்கு 22.7 வருகிறது. ஹெச்டிஎல் குறைவு நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. அதற்குச் சாப்பாடு மட்டும் போதாது, கைக்கு வேலை கொடுக்கணும். நான் வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், மூச்சு வாங்க வீல்சேரைத் தள்ளுகிறேன்.

ட்ரைகிளிசரைடுக்கு எண்ணெயை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சோறு எத்தனை வேளை? டீயில் சர்க்கரை எவ்வளவு? முதலில் அதைச் சொல்லுங்க.

சூப்பை ஆறவைத்து ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்க. காலையில் மேலே கட்டியாக நிற்கும் கொழுப்பை வழித்துப் போட்டுவிட்டுச் சுடவைத்துக் குடிக்கலாம். அம்மாவும் அழ மாட்டார்.

வெந்தயக்கீரை:
என் வீட்டுக்காரருக்கு கழுத்தெலும்பு மட்டத்தில், சி6 அடி. கொழுப்பு குறையும் என்று ஓட்ஸ், கொண்டைக்கடலை, கீரை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தேன். வயிறு உப்பி, மலம் கட்டி, பிபி எகிறி, தலைவலியில் துடித்துவிட்டார். டி6க்கு மேலே அடிபட்டவர்களுக்கு இது ஆபத்து. உங்களுக்கு அந்தப் பயம் குறைவு, ஆனாலும் மோஷன் நேரம் தப்பும். இப்போது வாரத்துக்கு ஒரு பொருள்தான் கூட்டுகிறேன். தண்ணீரும் கூடணும், அதற்கேற்றபடி கதீட்டர் (சிறுநீர் எடுக்கும் குழாய்) நேரத்தையும் டாக்டரிடம் கேட்டு மாற்றினோம்.

இன்னொன்று, கொழுப்புக்குப் பயந்து முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீங்க தம்பி. புரதம் குறைந்தால் படுக்கைப்புண் ஆறாது. இவருக்கு இடுப்பில் வந்த புண் ஆற ஐந்து மாதம் ஆனது.

பனங்காடு:
நன்றி அண்ணே, நன்றி அக்கா. மூன்று வேளையும் சோறுதான். டீயை இன்றுதான் எண்ணினேன்: ஏழு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பெட்டிக்கடை வைத்திருக்கிறேன், வருகிறவர்களெல்லாம் எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். சூப் இப்போது ஃபிரிட்ஜில் இருக்கிறது.