புதுப்பிப்பு: கூண்டுக்கு டிமிக்கி கொடுத்த பெண் பூனை

தெருப்பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து திரும்ப விடுவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். ஒரு பெண் பூனை மட்டும் கூண்டுப் பக்கமே வரவில்லை என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அது சிக்கிவிட்டது!

கதவு விழாதபடி கட்டிவைத்து, பல நாள் கூண்டுக்குள்ளேயே சாப்பாடு வைத்தோம். பயம் தெளிந்ததும் ஒரு நாள் பட்டினி, மறுநாள் கட்டை அவிழ்த்துவிட்டு உள்ளே மீன். கதவு விழுந்த நொடியே துணியால் மூடிவிடுங்கள். இருட்டானால் முட்டி மோதுவது அடங்கிவிடும்.

மடியில் பால் இல்லை, நிம்மதி. இருந்திருந்தால் முதலில் குட்டிகளைத் தேட வேண்டியிருக்கும்.

இடது காது நுனி வெட்டியிருப்பதைப் பார்த்துப் பரிதாபப்படாதீர்கள். கருத்தடை அறுவைக்குக் கொடுக்கும் மயக்கத்திலேயே செய்துவிடுவார்கள். இது கருத்தடை ஆன பூனை என்று தூரத்திலிருந்தே தெரியும். இன்னொருவர் பிடித்து மறுபடி வயிற்றைத் திறக்க மாட்டார். இரவு முழுக்கக் கூண்டிலேயே வைத்திருந்து, நன்றாகத் தெளிந்தபின் பிடித்த இடத்திலேயே விட்டோம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மகராசி.

கருத்தடை செய்த ஆண் பூனைகள் இன்னும் கத்துகின்றனவே என்று கேட்டவருக்கு: ஹார்மோன் வடியச் சில வாரம் பிடிக்கும். அதற்குள் சினையாக்கவும் வாய்ப்புண்டு, ஆகவே பெண் பூனைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

புதிதாக ஒரு கடுவன் வந்து சேர்ந்திருக்கிறது. அடுத்தது அதுதான்.