சீசனுக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லலாமா?

கேள்வி: கொடைக்கானலில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருக்கிறோம். ஏப்ரல், மே சீசனில் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதற்காக, ஒப்பந்தம் முடியும் முன்பே காலி செய்யச் சொல்லும் உரிமையாளர், வடக்குச் சுவரில் ஈரம் ஊறிப் பெயின்ட் உரிந்ததைக் காட்டி அட்வான்ஸில் பிடித்தம் செய்வதாகவும் கூறுகிறார். இது முறையா?

பதில் 1: முறையல்ல. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தக் காலத்துக்குள் உங்களை வெளியேற்ற, சட்டம் கூறும் காரணத்துடன் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகியுள்ளதா என்பதை உடனே பாருங்கள். பதிவில்லாத ஒப்பந்தத்தை நம்பி வாதாடுவது மிகவும் கடினம்.

பதில் 2: குடியிருப்பவர் சேதப்படுத்தாத வரை, கட்டட அமைப்பைச் சார்ந்த பழுதும் வெள்ளையடிப்பும் பொதுவாக உரிமையாளர் பொறுப்பே. மலையூரில் மழையும் பனியும் சுவரில் இறங்குவதற்குக் குடியிருப்பவர் எப்படிப் பொறுப்பாவார்? சுவரைத் தேதியுடன் படமெடுத்து வையுங்கள். நியாயமான பிடித்தம் போக, மீதி அட்வான்ஸைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

பதில் 3: நெருக்கடி தருவதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள், இணைப்பை மீட்டுத்தர உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. அதுவரை வாடகையை நிறுத்தாமல் வங்கி வழியாகவே செலுத்துங்கள், ஏனெனில் பாக்கி விழுந்தால் அதுவே உங்களை வெளியேற்றக் காரணமாகிவிடும்.