எட்டு வருஷமா நிற்கும் ஜி12 லோகோ: ஸ்டார்ட் கொடுக்கும் முன் என்ன பார்க்கணும்?

ஷெட்வாசல்:
1950களில் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஜி12 டீசல் ரயில் லோகோ. 12 சிலிண்டர் 567சி இன்ஜின். எட்டு வருஷமா கூரைக்கடியில் நிற்கிறது. கூலிங் தண்ணீர் முழுசா இறக்கியாச்சு, டேங்கில் பாதி டீசல் அப்படியே கிடக்கு. புது பேட்டரி போட்டு, லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 ஆயில் மாற்றி ஒரு ஸ்டார்ட் கொடுத்துப் பார்க்கலாமா?

எட்டாம்நாட்ச்:
அந்த ஆயில் வேண்டவே வேண்டாம். இந்த இன்ஜினில் பிஸ்டன் பின் பேரிங்குக்கு வெள்ளிப் பூச்சு. லாரி ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கக் கலக்கும் துத்தநாகம் வெள்ளியை அரித்துவிடும். துத்தநாகம் இல்லாத லோகோ ஆயில்னு கேட்டு வாங்குங்க.

புது ஆயிலுக்கு முன்னாடி கூலிங் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கணும். நின்ற இன்ஜினில் லைனர் (சிலிண்டரின் உள்குழாய்) சீல் ரப்பர் காய்ந்து இறுகியிருக்கும். ஏர்பாக்ஸ் (சிலிண்டர்களைச் சுற்றியுள்ள காற்று அறை) மூடி, அதற்குக் கீழே கிராங்க்கேஸ் மூடி எல்லாம் கழற்றிட்டு மெதுவா நிரப்பி, ஒரு ராத்திரி விடுங்க. காலையில் டார்ச் அடித்து ஒவ்வொரு லைனரையும் பாருங்க. சொட்டு விழுந்தால் அந்தச் சிலிண்டரைப் பிரிக்கணும். ஆயில் ஊற்றியபிறகு கண்டுபிடித்தால் அத்தனை ஆயிலும் பால் மாதிரி வெளுத்துப் போகும்.

ஏர்பாக்ஸ் திறந்திருக்கும்போதே லைனர் போர்ட் (காற்று நுழையும் துளை) வழியா பிஸ்டன் ரிங்கையும் பார்த்துடலாம். சுவரில் கொஞ்சம் ஆயில் பீய்ச்சிட்டு, பார் போட்டுக் கையால் சுற்றி, ரிங் போர்ட்டுக்கு நேரே வரும்போது மரக்குச்சியால் அழுத்துங்க. உள்ளே போய்த் துள்ளி வெளியே வந்தால் நல்ல ரிங். அசையாமல் நின்றால் கரியில் ஒட்டியிருக்கு.

கார்பன்பிரஷ்:
மேலே சொன்னதோட: ஸ்டார்ட்டுக்குச் சற்றுமுன் ஒவ்வொரு சிலிண்டரிலும் இருக்கும் டெஸ்ட் காக் எனும் சின்ன வால்வு பன்னிரண்டையும் திறந்து, கையாலே முழுசா ஒரு சுற்று. டூ-ஸ்ட்ரோக் என்பதால் ஒரே சுற்றில் எல்லா சிலிண்டரும் கம்ப்ரெஷனுக்கு வந்துடும். எந்தக் காக்கிலாவது தண்ணீர் வந்தால் நிறுத்துங்க. தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

இதில் மெயின் ஜெனரேட்டரே ஸ்டார்ட்டர். 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) வைத்து அதையும் சக்கரத்தைச் சுற்றும் டிராக்ஷன் மோட்டார்களையும் அளங்க. 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் சூடான உலர்காற்று விட்டுக் காயவைக்கணும். கம்யூட்டேட்டரில் (பிரஷ் உரசும் செம்பு உருளை) எமரி துணி போடாதீங்க, அந்தத் துகள் கரண்ட் கடத்தும்.

ஷெட்வாசல்:
பழைய டீசலை வடிகட்டிப் பயன்படுத்தலாமா?

எட்டாம்நாட்ச்:
இறக்கிடுங்க. டேங்க் அடியில் தண்ணீரும் அதில் வளர்ந்த வழவழப்பான பூஞ்சை, பாக்டீரியாப் படலமும் இருக்கும், இன்ஜெக்டர் தாங்காது. ஒவ்வொரு இன்ஜெக்டர் ராக்கும் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) விரலால் தள்ளினாலே நகரணும். ஃபுல் ஃபியூயலில் ஒன்று சிக்கினாலும் இன்ஜின் வேகம் கட்டுமீறும் ஆபத்து. வேகம் மீறினால் இன்ஜினை நிறுத்தும் ஓவர்ஸ்பீட் ட்ரிப்பைக் கையால் தட்டி வேலை செய்யுதான்னு பாருங்க. ஃபியூயல் பிரைம் போட்டு டீசலை பம்பால் ஏற்றினால் இன்ஜினுக்குப் பக்கத்துக் கண்ணாடிக் குமிழ் குமிழியில்லாமல் நிறையணும். தூரத்துக் குமிழில் டீசல் தெரிந்தால் ஃபில்டர் அடைப்பு.

ஆயிலையும் வெளிப் பம்பு வைத்து ராக்கர் ஆர்ம் வரைக்கும் ஏற்றிட்டுத்தான் ஸ்டார்ட்.

கார்பன்பிரஷ்:
லோகோவை இழுத்து நகர்த்தும் முன் டிராக்ஷன் மோட்டாரை அச்சில் தாங்கும் சஸ்பென்ஷன் பேரிங்கின் ஆயில் கிண்ணங்களின் அடித்திருகைத் திறங்க. ஆயிலுக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். பேரிங்குக்கு ஆயிலை உறிஞ்சித் தரும் திரி காய்ந்திருந்தால் யார்டைத் தாண்டும் முன்னாலேயே பேரிங் தீய்ந்துடும்.