ட்ரெஞ்ச் கோட் யாருடைய சொத்து? பர்பெரியா, பதுங்குகுழியா?

மழைமேகம்:
ட்ரெஞ்ச் கோட், அதாவது பதுங்குகுழியின் (ட்ரெஞ்ச்) பெயர் கொண்ட, இடுப்பில் வார் கட்டிய நீள மழைக்கோட் என்றாலே பர்பெரி என்ற பிரிட்டிஷ் கடைதான். கேபர்டின் என்ற மழை தாங்கும் துணியை 1879இல் அந்தக் கடையின் தாமஸ் பர்பெரி உருவாக்கினார், 1888இல் காப்புரிமை வாங்கினார். 1912இல் வந்த டைலாக்கன் கோட்டில் பட்டன் வரிசையே கிடையாது, வாரும் பக்கிளும்தான். ட்ரெஞ்ச் கோட்டுக்கு நேர் மூத்தது அது. வேறென்ன சாட்சி வேண்டும்?

தையல்கடை:
நண்பரே, லண்டனில் ஜான் எமரி 1851இலேயே கடை போட்டுவிட்டார். தண்ணீர் புகாத கம்பளித் துணிக்கு 1853இல் காப்புரிமை. அவருடைய அக்வாஸ்கூட்டம் கடையின் கோட்டை 1850களில் நடந்த கிரிமியப் போரிலேயே அதிகாரிகள் போட்டிருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1823இல், சார்லஸ் மெக்கின்டாஷ். இவர்களை எங்கே விட்டீர்கள்?

மழைமேகம்:
மெக்கின்டாஷ் செய்தது இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி ஒட்டியது. வெயிலில் பிசுபிசுக்கும், நாற்றம் வேறு. மழையில் நனையாவிட்டாலும் வியர்வையில் நனைந்துவிடும். பர்பெரி நூலையே நெய்வதற்கு முன் பக்குவம் செய்தார், அப்புறம் சாய்வான கோடு விழும் நெருக்கமான ட்வில் நெசவு. தண்ணீர் வழிந்தோடும், காற்று போய்வரும். 1911இல் தென் துருவத்தை எட்டிய ஆமுண்ட்சென் நம்பிய துணி இது.

தையல்கடை:
துணி சரி, ஆனால் துணி மட்டும் கோட் ஆகிவிடாது. தோள்பட்டையில் பட்டி எதற்கு? பதவிச் சின்னம் குத்த. மார்பில் கூடுதல் மடிப்பு, முதுகில் தொங்கும் தனித் துண்டு இரண்டும் மழைநீர் உள்ளே இறங்காமல் வெளியே வழிய. இதெல்லாம் ராணுவத் தேவை. முதல் உலகப் போர் நடந்த 1914 முதல் 1918 வரை எத்தனையோ கடைகள் இதைத் தைத்து விற்றன. போர்தான் இதன் தாய், ஒரு கடை அல்ல.

பழையபடம்:
இடுப்பு வாரில் இருக்கும் வளையம் கையெறி குண்டு மாட்டத்தானே? எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

தையல்கடை:
அந்தக் கதையை விடுங்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் மில்ஸ் குண்டு ஏறக்குறைய முக்கால் கிலோ கனம். அதை வாரில் ஆடவிட்டுக்கொண்டு யார் சேற்றில் தவழ்வார்கள்? வரைபடப் பை மாதிரி சாமான்களைத் தொங்கவிட உதவும் வளையம், அவ்வளவுதான்.

செம்மண்:
போர்தான் தாய் என்கிறீர்கள். ஆனால் சாதாரண சிப்பாய்க்கு இந்தக் கோட் கிடைக்கவே இல்லை. அவனுக்கு அரசு கொடுத்தது கிரேட்கோட் என்ற தடித்த கம்பளி மேல்கோட். சேறும் தண்ணீரும் குடித்து அது கல்லாய்க் கனக்கும். கீழ்விளிம்பை வெட்டி எறிந்தவர்களும் உண்டு. ட்ரெஞ்ச் கோட்டை அதிகாரிகள்தான் சொந்தக் காசில் வாங்கினார்கள். குழியில் அதிகம் நனைந்தவனுக்கு இல்லாத உடைக்கு அந்தக் குழியின் பெயர். எனக்கு இதுதான் உறுத்துகிறது.

மழைமேகம்:
நீங்கள் சொல்வது என் பக்கம்தான் சேரும். அரசு கொடுத்த உடையாக இருந்தால் கடைக்காரர் பெயரே வெளியே தெரிந்திருக்காது. சொந்தக் காசில் வாங்கியதால்தான் கடைகள் போட்டி போட்டு விளம்பரம் செய்தன, போர் முடிந்த பிறகும் அதே கோட்டை ஊர்க்காரர்களுக்கு விற்றன.

தையல்கடை:
போட்டி என்று நீங்களே சொல்கிறீர்கள். போட்டி என்றால் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அக்வாஸ்கூட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன்.