தாம்போதிக் கமராவின் நீர்மட்ட வாசிப்பு இரவு மழையில் தாவுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: மாரிநீர்

மட்டக்களப்பின் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி மாதிரி மாரியில் மூழ்கும் தாம்போதி (வெள்ளம் மேலால் ஓடும் தாழ்ந்த வீதிப்பாலம்) ஒன்றுக்குக் கமரா பூட்டியிருக்கிறோம். ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி, 1080பி கமரா, 4 மில்லிமீற்றர் லென்ஸ். அளவுகோல் 15 மீற்றர் தள்ளி நிற்கிறது. படத்தில் பொருட்களைப் பிரித்தறியும் யோலோ என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் தண்ணீரைப் பிரித்து மட்டத்தைக் கணக்கிடுகிறோம். பகலில் சரி. இரவிலும் மழையிலும் 20–30 சென்ரிமீற்றர் ஏறி இறங்குகிறது. இன்னும் படங்கள் கொடுத்துப் பயிற்றுவிக்கவா? இல்லையென்றால் செய்மதிப் படமே போதுமா?

பதில்: வாவிக்கரை

பயிற்சியைப் பிறகு பாருங்கள், முதலில் லென்ஸை மாற்றுங்கள். 1/2.8 அங்குல சென்சரில் 4 மில்லிமீற்றர் லென்ஸ் 15 மீற்றரில் ஏறக்குறைய 20 மீற்றர் அகலத்தைப் பிடிக்கும். ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு பிக்சல்தான் மிஞ்சும். 12 மில்லிமீற்றர் போட்டால் அகலம் 7 மீற்றருக்குள் வரும், சென்ரிமீற்றருக்கு 3 பிக்சல் அளவில் கிடைக்கும்.

படம் முழுவதையும் பிரிக்கவும் வேண்டாம். ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) வந்து அடைந்தால் யோலோ அதைக் கரை என்று எடுத்துவிடும். அளவுகோல் நிற்கும் ஒடுங்கிய பட்டையை மட்டும் வெட்டி, நான்கு அடையாளப் புள்ளிகளால் நேராக்கி, அதற்குள் நீர்க்கோட்டைத் தேடுங்கள். வாடைக்காற்றில் கம்பம் ஆடும். அதனால் கொங்கிறீட்டில் அசையாத இரண்டு குறி வைத்து, ஒவ்வொரு படத்தையும் அவற்றோடு பொருத்திய பிறகே வாசிக்க வேண்டும்.

உங்கள் கீழ்நோக்கிய தாவலுக்குத் தண்ணீரில் தெரியும் பிரதிபிம்பம் காரணமாக இருக்கலாம். தண்ணீர் அசையாமல் நின்றால் அளவுகோல் அதற்குள்ளும் நீண்டு தெரியும். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தலைகீழானாலும் ஒரே மாதிரிதான், ஆகவே மட்டம் குறைவு என்று வாசிப்பு வரும். ஆபத்தான பிழை இது. குறிகளை மேல்கீழ் வேறுபடும் வடிவத்தில் தீட்டுங்கள், தலைகீழாகத் தெரிவதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடலாம். கமராவை உயர்த்திச் சரிவாகக் கீழே பார்க்க வைத்தாலும் பிரதிபிம்பம் மங்கும்.

பதில்: இரவுக்காவல்

இரவுப் பிரச்சினை பெரும்பாலும் விளக்கில்தான். அகச்சிவப்பு விளக்கு கமராவோடு ஒட்டியிருந்தால் லென்ஸுக்கு முன்னால் விழும் துளி ஒவ்வொன்றும் வெள்ளைக் கோடாக எரியும். பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை லென்ஸை மூடும். 850 நானோமீற்றர் விளக்கைக் கமராவிலிருந்து ஒன்றிரண்டு மீற்றர் விலக்கிப் பூட்டுங்கள். அந்த ஒளியில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும், நமக்கு அது நல்லது. அளவுகோலுக்கு மினுங்கும் ஸ்டிக்கர் ஒட்டினால் வெளிச்சம் பொங்கிக் குறிகள் அழிந்துபோகும், மங்கலான வெள்ளைப் பெயின்ற் போதும்.

10 செக்கனில் 5 படம் எடுத்து நடுமதிப்பை வையுங்கள். முந்தைய வாசிப்பிலிருந்து 10 சென்ரிமீற்றருக்கு மேல் மாறினால் அதை எறியாமல் ஒரு நிமிடத்தில் மறுபடி எடுங்கள். உண்மையாகவே தண்ணீர் ஏறியிருக்கலாம்.

பதில்: பெரும்போகம்

செய்மதி வேறு வேலைக்கு. சென்ரினல்-1 என்ற ஐரோப்பியச் செய்மதியின் ராடர் முகிலை ஊடுருவும், ஆனால் அடுத்த படத்துக்குப் பல நாள் காத்திருக்க வேண்டும். விதைப்புக் காலத்தில் படுவான்கரை (வாவிக்கு மேற்குப் பக்கம்) வயலெல்லாம் தண்ணீர் நிற்பதால் வயலையும் வெள்ளத்தையும் அது ஒரே கறுப்பாகக் காட்டும். அதே போகத்தில், வெள்ளத்துக்கு முன் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும். சேத மதிப்பீட்டுக்கு உதவும், வீதியை மூடும் முடிவுக்கு உதவாது.

மட்டத்தை வைத்து நீரோட்டத்தைக் கணக்கிடவும் அவசரப்பட வேண்டாம். வாவி நிறைந்து தண்ணீர் பின்தேங்கினால் மட்டம் உயர்ந்தே இருக்கும், ஓட்டம் இராது. ஓட்டம் வேண்டுமென்றால் மிதக்கும் நுரையையும் குப்பையையும் படத்துக்குப் படம் தொடர்ந்து மேற்பரப்பு வேகத்தை எடுங்கள். அதன் 0.85 பங்கு சராசரி வேகத்துக்குக் கிட்டவரும்.

மாரிநீர்

நன்றி. லென்ஸையும் விளக்கையும் மாற்றுகிறோம். ஒரு கிழமை வெயில் இல்லாவிட்டால் பற்றரி தாங்குமா? எந்த மட்டத்தில் எச்சரிக்கை அனுப்புவது?

பதில்: இரவுக்காவல்

ராஸ்பெரி பையை நாள் முழுக்க ஓடவிட்டால் 120 வோட்மணி போகும். நேரக்கடிகாரம் உள்ள மின் கட்டுப்பாட்டுப் பலகையால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி, ஒன்றரை நிமிடத்தில் மின்னையே துண்டியுங்கள். விளக்கோடு சேர்த்தே 25 வோட்மணிக்குள் அடங்கும். 12.8 வோல்ட் 20 அம்பியர்மணி லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி எட்டு நாள் அளவில் தாங்கும். வழக்கமான வாசிப்புக்குப் படம் அனுப்பாமல் எண்ணை மட்டும் குறுஞ்செய்தியில் அனுப்புங்கள், ரவரில் டேற்றா படுத்தாலும் அது போகக்கூடும்.

பதில்: வாவிக்கரை

அளவுகோலின் சுழியத்தை ஆற்றடியில் வைக்காமல் வீதியின் மிகத் தாழ்ந்த இடத்தில் வையுங்கள். அப்போது வரும் எண்ணே வீதிக்கு மேல் நிற்கும் தண்ணீர். ஓடும் தண்ணீர் 15 சென்ரிமீற்றர் ஆளைச் சாய்க்கும், 30 சிறிய காரை மிதக்கவைக்கும், 60 பெரும்பாலான வாகனங்களை இழுக்கும். 2024 நவம்பர் 26 மாவடிப்பள்ளியில் மாணவர்களோடு உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை அம்பாறையில் யாரும் மறக்கவில்லை. ஆகவே முதல் எச்சரிக்கை சுழியத்துக்கு 30 சென்ரிமீற்றர் கீழேயே, ஏறும் வேகத்தையும் சேர்த்துப் போகட்டும். கிராம சேவகருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எண்ணோடு அந்த நேரப் படம் ஒன்றும் போகவேண்டும், வீதியை மூடுபவர் கண்ணால் பார்த்துத்தான் மூடுவார். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும் அதே செய்தியில் போடுங்கள்.